ஓசூருக்குப் புதிதாக வந்தவருக்கு ஓர் உதவி மையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர், தருமபுரி பகுதிகளில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகத் தெரு அளவில் உதவி மையம் நடத்துவோருக்காகவும், நடத்த நினைப்போருக்காகவும் எழுதியது. லைன் வீட்டு உரிமையாளர், மேஸ்திரி, பள்ளி ஆசிரியர், ரேஷன் கடைக்காரர் ஆகியோருக்கும் இதில் வேண்டியது இருக்கிறது.

ஓசூரில் இப்படி ஒரு மையம் எதற்கு? அரசு அலுவலகங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. ஆனால் ஜார்கண்டிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவருக்கு எந்த அலுவலகம் எதற்கு என்பது தெரியாது. அவர் இறங்குவது பெரும்பாலும் பெங்களூரு ரயில் நிலையங்களில். அங்கிருந்து அத்திப்பள்ளி வழியாகப் பேருந்தில் வருவார். மாநில எல்லை தாண்டியதும் பலகைகளின் எழுத்து மாறுகிறது, சட்டம் மாறுகிறது, ரேஷன் கடை மாறுகிறது. தொழிலாளர் துறை, வட்டாட்சியர் அலுவலகம், மாநகராட்சி, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), காவல் நிலையம் என எல்லாம் தனித்தனி வாசல்கள். எந்த வாசலுக்கு எந்தக் காகிதத்தோடு போக வேண்டும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். மையத்தின் வேலை அதுதான்.

ஓசூர் பல மொழி பேசும் ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே கடைவீதியில் கேட்கும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது தென் மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்களும் அன்று புதியவர்கள்தான். இன்று அவர்களுடைய பிள்ளைகள் இந்த ஊர்க்காரர்கள்.

இந்த மாதிரி மையங்கள் எங்கே, எப்போது தொடங்கின?

லண்டன் ஒயிட்சேப்பல் பகுதியில் 1884-இல் சாமுவேல் பார்னெட், ஹென்ரியெட்டா பார்னெட் தம்பதியர் டாய்ன்பி ஹாலைத் தொடங்கினர். உதவி செய்கிறவர் அந்த ஏழைத் தெருவிலேயே குடியிருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அதைப் பார்த்துவிட்டுப் போன ஜேன் ஆடம்ஸ், தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து 1889-இல் சிகாகோவில் ஹல் ஹவுஸைத் திறந்தார். சுற்றிலும் இத்தாலியர், ஜெர்மானியர், யூதர், போஹீமியர் என்று புதிதாக வந்தவர்கள். அங்கே முதலில் நடந்தவற்றுள் ஒன்று சிறு குழந்தைகளுக்கான பள்ளி. தாய்மார் வேலைக்குப் போய்விட, குழந்தைகள் வீட்டில் தனியே கிடந்தார்கள் என்பதே காரணம். பிறகு வீடு வீடாகப் போய் யார் எந்த நாட்டவர், வாரக்கூலி எவ்வளவு என்று கேட்டு, தெருக்களை வண்ணம் தீட்டிய வரைபடமாக 1895-இல் வெளியிட்டார்கள். ஜேன் ஆடம்ஸுக்கு 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஓசூரில் மையம் நடத்துவோர் இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டியது 1908-இல் அதே சிகாகோவில் தொடங்கிய குடியேறுவோர் பாதுகாப்பு லீக் என்ற அமைப்பை. அதை நடத்தியவர் கிரேஸ் அபட். ரயில் நிலையத்தில் இறங்கும் புதியவரை வண்டிக்காரர்களும் தரகர்களும் ஏமாற்றிக் கூட்டிப்போவதைத் தடுக்க, அவர்கள் நிலையத்துக்கே ஆள் அனுப்பினார்கள். மொழி தெரிந்த ஒருவர் இறங்குமிடத்தில் நின்றால் பாதி மோசடி அங்கேயே நின்றுவிடும்.

இந்தியாவில் பம்பாய் நாக்பாடாவில் 1920களில் கிளிஃபர்ட் மான்ஷார்ட் இப்படி ஒரு அக்கம்பக்க மையத்தை நடத்தினார். அந்த அனுபவத்திலிருந்துதான் 1936-இல் சமூகப்பணிக்கான டாடா கல்லூரி பிறந்தது. டாடா சமூக அறிவியல் கழகம் என்று இன்று அழைக்கப்படுவது அதுவே. உதய்பூரில் 2005-இல் தொடங்கிய ஆஜீவிகா பீரோ, வேலை தேடிப் போகும் ராஜஸ்தான் தொழிலாளர்களுக்குச் சொந்த ஊரிலும் போன ஊரிலும் ஒருசேரத் துணை நிற்கிறது. இரண்டு முனையிலும் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பது சம்பளத் தகராறு வரும்போதுதான் புரியும்.

நம் பக்கத்துக்கு இதில் என்ன வரலாறு?

புலம்பெயர்ந்து போய்ப் பாடுபட்ட அனுபவம் தமிழருக்கு நிறைய உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். தொழிலாளியின் கடன் ‘துண்டு’ என்ற சீட்டில் ஏறி, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் கூடவே போனது. 1921-இல்தான் அந்த முறை தடை செய்யப்பட்டது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாகி, தாயகம் திரும்பியோர் வரத் தொடங்கினர். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த ஏதிலியருக்கு, தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், இப்பகுதி அணைக்கட்டுகளை ஒட்டியும் முகாம்கள் அமைந்தன. 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் இருப்பவர்களையே ஆசிரியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தது. எங்கிருந்து வந்தவர்களுக்கான மையமானாலும் இந்தப் பாடம் பொருந்தும்: உதவி பெற வந்தவரே அடுத்த வருடம் உதவி செய்பவராக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும்.

சட்டத்தின் வேர் ஒடிசாவில் இருக்கிறது. தரகர்கள் கூட்டமாக ஆள் சேர்த்து வெளிமாநிலம் கொண்டுபோன ‘தாதன்’ தொழிலாளர்களுக்காக அங்கே 1975-இல் ஒரு சட்டம் வந்தது. 1979-இன் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் அதன் தொடர்ச்சி. இப்போது அதன் இடத்தில் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய சட்டம் கான்ட்ராக்டர் கூட்டி வந்தவரை மட்டும் கணக்கில் எடுத்தது. புதியது தானாக வேலை தேடி வந்தவரையும் சேர்க்கிறது. அது நல்ல மாற்றம். ஆனால் 5 பேர் இருந்தாலே பொருந்திய சட்டம் இப்போது 10 பேர் இருந்தால்தான் பொருந்தும். 7 பேரை வைத்துக் கட்டடம் கட்டும் இடம் வெளியே போய்விட்டது. சிறு கட்டட வேலை நிறைய நடக்கும் நம் ஊர்களுக்கு இது பெரிய ஓட்டை.

மையம் தொடங்க என்னென்ன வேண்டும்?

ஒரு மேசை, நான்கு நாற்காலி, இணையம் உள்ள ஒரு கணினி, ஒரு கைபேசி எண், ஒரு தடித்த பதிவேடு. அவ்வளவு போதும். இடம் முக்கியம்: லைன் வீடுகளிலிருந்து நடந்து வரும் தொலைவில் இருக்க வேண்டும். அரசு அலுவலகம் போல வார நாளில் 10 முதல் 5 வரை திறந்தால் ஒருவரும் வர மாட்டார்கள், அந்த நேரம் அவர்கள் வேலையில் இருப்பார்கள். ஞாயிறு முழுநாளும், மற்ற நாட்களில் இரவு 7 முதல் 9 வரையும் திறந்து வையுங்கள். மாதம் 7-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு வாரம் கூட்டம் கூடும், சம்பளச் சிக்கல் வெளியே வரும் வாரம் அது.

இந்தி தெரிந்த ஒருவர் போதும் என்று நினைக்காதீர்கள். ஒடியா, வங்காளம், அசாமியம், சந்தாலி பேசுவோரில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இந்தி சரளமாக வராது. நீண்டநாள் இங்கே இருக்கும் அவர்களுடைய ஊர்க்காரர் ஒருவரை மொழிக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் மேஸ்திரியாக இருக்கக் கூடாது. மேஸ்திரி மொழிபெயர்த்தால் மேஸ்திரி மேல் புகார் வராது.

பதிவேட்டில் தேதி, பெயர், சொந்த மாவட்டம், கேட்டது என்ன, எங்கே அனுப்பினோம், எப்போது முடிந்தது என்ற ஆறு கட்டம். ஆதார் எண்ணை எழுதாதீர்கள், யாருடைய ஆவணத்தையும் தன்னார்வலர் தம் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஓ.டி.பி.-யை அவரவரே திரையில் தட்ட வேண்டும். பணம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். செராக்ஸ் செலவைக்கூடக் கடைக்காரரிடம் அவரே கொடுக்கட்டும்.

புதிதாக வருபவரிடம் முதலில் என்ன கேட்க வேண்டும்?

“உங்கள் ஆதாரில் இருக்கும் கைபேசி எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா?” இதுதான் முதல் கேள்வி. பாதிக் கோப்பு இங்கேதான் முட்டி நிற்கும். ஊரில் அண்ணன் எண்ணைக் கொடுத்திருப்பார். அல்லது இங்கே வந்ததும் சிம்மை மாற்றியிருப்பார், பழைய எண் ரீசார்ஜ் இல்லாமல் செத்து வேறொருவருக்குப் போயிருக்கும். அந்த எண் இல்லாமல் இ-ஷ்ரம் (மத்திய அரசின் தொழிலாளர் பதிவேடு) பதிவு, பி.எஃப்., நலவாரியம், வங்கி எதுவும் நகராது.

எண் மாற்ற ஊருக்குப் போக வேண்டியதில்லை. இந்தியாவின் எந்த ஆதார் மையத்திலும் மாற்றலாம். வட்டாட்சியர் அலுவலக வளாகம், சில தபால் நிலையங்கள், வங்கிக் கிளைகளில் மையம் உண்டு. ஆதார் எண்ணும் கைரேகையும் போதும், வேறு ஆவணம் வேண்டாம். கட்டணம் ரூ.75. கூடுதலாகக் கேட்டால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டை விண்ணப்பம் முடியும்வரை வைத்திருக்க வேண்டும். புதிய சிம் தம் பெயரிலேயே இருக்க வேண்டும், கான்ட்ராக்டர் கொடுத்த சிம்மை ஆதாரில் ஏற்றக் கூடாது. வேலையை விட்ட அன்று அந்த எண்ணும் போய்விடும்.

ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர். என்ன செய்வது?

முதலில் எல்லா ஆவணத்தையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ‘குமார்’, ‘தேவி’, ‘காதுன்’ போன்ற பின்பெயர் ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. பிறந்த தேதியில் பெரும்பாலும் ஜனவரி 1 என்றிருக்கும். எதை அடிப்படையாக வைப்பது என்று முடிவுசெய்து மற்றதை அதற்கேற்ப மாற்றுங்கள். பொதுவாக ஆதாரை அசைக்காமல் மற்றவற்றைத் திருத்துவதே எளிது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்ற முடியும். இந்த வேலையைச் சேரும்போதே செய்துவிட வேண்டும். வேலையை விட்டு பி.எஃப். எடுக்கும்போது கண்டுபிடித்தால், பழைய கம்பெனியின் ஒப்புதல் தேடி அலைய வேண்டிவரும்.

ஆதார் முகவரியை ஓசூருக்கு மாற்ற வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். ரேஷன், வங்கி, இ.எஸ்.ஐ. எதற்கும் உள்ளூர் முகவரி கட்டாயமில்லை. ஊரில் வாங்கும் மாநில அரசுத் திட்டம் ஏதாவது அந்த முகவரியை நம்பி இருக்கலாம். குடும்பத்தோடு நிரந்தரமாகத் தங்க முடிவு செய்த பிறகு மாற்றினால் போதும்.

ஊர் ரேஷன் அட்டையில் இங்கே அரிசி கிடைக்குமா?

கிடைக்கும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபர் 1-இல் சேர்ந்தது. அட்டையைத் தூக்கி வர வேண்டியதில்லை, அட்டை எண்ணோ ஆதார் எண்ணோ போதும். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ, அந்தியோதயா அட்டை என்றால் குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரியிலிருந்து இலவசம். தமிழ்நாட்டு அட்டைக்குக் கிடைக்கும் சர்க்கரை, பருப்பு, பாமாயில் இவர்களுக்கு இல்லை. அதற்காகக் கடைக்காரரிடம் சண்டை வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: முழு ஒதுக்கீட்டையும் ஒரே இடத்தில் வாங்க வேண்டும் என்பதில்லை. ஐந்து பேர் குடும்பத்தில் கணவன் இங்கே 5 கிலோ வாங்கினால், மீதி 20 கிலோவை மனைவி ஊரில் வாங்கலாம். ஆனால் இங்கே கவனிக்காமல் 25 கிலோவையும் எடுத்துவிட்டால் அந்த மாதம் ஊரில் அடுப்பு எரியாது. எடைபோடும் முன் “எத்தனை கிலோ?” என்று கடைக்காரர் கேட்கும்போது சரியாகச் சொல்லச் சொல்லிக் கொடுங்கள்.

கடையின் கைரேகைக் கருவி மறுத்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: அந்த உறுப்பினரின் ஆதார் எண் ரேஷன் அட்டையோடு இணைக்கப்படவில்லை, இ-கே.ஒய்.சி. (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) முடிக்கவில்லை, அந்த மாத ஒதுக்கீட்டை ஊரில் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். இந்தத் திட்டத்துக்கான உதவி எண் 14445.

கைரேகை விழவில்லை என்கிறார்கள். ஏன்?

சிமென்ட்டும் சுண்ணாம்பும் கிரானைட் தூளும் விரல் நுனியின் வரிகளைத் தேய்த்துவிடும். குவாரியிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவர்களுக்கு வருடக்கணக்கில் இந்தத் தொல்லை இருக்கும். முதல் நாள் இரவு தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, காலையில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்தால் விழாது, காய்ந்து வெடித்த விரலும் விழாது. கட்டை விரலை மட்டுமே திரும்பத் திரும்ப அழுத்தாமல் மோதிர விரல், சுண்டு விரல் என்று பத்தையும் முயல வேண்டும், அவை குறைவாகத் தேய்ந்திருக்கும். கருவிழிக் கருவி உள்ள கடையில் அதைக் கேளுங்கள். ஆதாரில் கைரேகையைப் புதுப்பிப்பது வேலை இல்லாத பத்து நாட்களுக்குப் பிறகு செய்தால் நன்றாகப் பதியும். ஊர்த் திருவிழாவுக்குப் போய்வந்த வாரம் நல்ல வாரம்.

வங்கிக் கணக்கு?

ஊர்க் கணக்கு இருந்தால் அதுவே போதும். கம்பெனி சொல்லும் வங்கியில்தான் வேண்டும் என்றால், ஆதாரில் ஒடிசா முகவரி இருந்தாலும் இங்குள்ள முகவரியைத் தாமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. கிளையில் ‘உள்ளூர் ஆதார் கொண்டு வா’ என்றால் அதிகாரியிடம் இந்த விதியைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் மேஸ்திரியிடம் இருப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். “உன் கணக்கைக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்” என்று வருபவர் சைபர் மோசடிக்காரர். கணக்கு முடங்கும், வழக்கு இவர் மேல் வரும். உதவி எண் 1930.

லைன் வீடு வாடகைக்கு எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஓர் அறைக்கு எத்தனை பேர், கழிப்பறை எத்தனை குடும்பத்துக்கு ஒன்று, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, கரண்டுக்கு யூனிட் கணக்கா தலைக் கணக்கா என்ற நான்கையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். தகராறு வருவது வாடகையில் குறைவு, கரண்டிலும் தண்ணீரிலும்தான் அதிகம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எழுத்து ஒப்பந்தம் வேண்டும். வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. தகராறு என்பதற்காகக் கரண்டையும் தண்ணீரையும் உரிமையாளர் நிறுத்த முடியாது.

ஆதார் நகல் கொடுக்கும்போது குறுக்காக “வீட்டு வாடகைக்கு மட்டும்” என்று எழுதித் தேதி போடுங்கள். அசல் ஆவணம் உரிமையாளரிடமும் இருக்கக் கூடாது, கான்ட்ராக்டரிடமும் இருக்கக் கூடாது.

உள்ளே வந்ததும் ஒரு சிறு அட்டை தயாரித்துப் பணப்பையில் வைக்கச் செய்யுங்கள். ஒரு பக்கம் தமிழில் தெரு, அடையாளம், வீட்டு உரிமையாளர் எண், இரத்த வகை. மறுபக்கம் அதே விவரம் அவருடைய மொழியில். இரவு 2 மணிக்கு 108-க்கு அழைத்தால் எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரியாமல்தான் வண்டி தாமதமாகும். பக்கத்து வீட்டுக்காரர் அட்டையைப் பார்த்துப் படித்துச் சொல்லிவிடுவார்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் டி.சி. கேட்கிறார்கள்.

கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. 6 முதல் 14 வயது வரை டி.சி. இல்லை என்றோ பிறப்புச் சான்று இல்லை என்றோ சேர்க்கையை மறுக்கவும் தள்ளிப்போடவும் கூடாது. வயதுக்குரிய வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பது தவறு. விடுபட்டதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி கேட்கும் உரிமை உண்டு.

தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைக்கு முதல் மூன்று மாதம்தான் கடினம். ஓசூரில் தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளையின் வீட்டு மொழி அவற்றில் ஒன்றானால் அதையும் யோசிக்கலாம். இந்தி, ஒடியா பேசும் பிள்ளைக்குத் தமிழ்வழி அரசுப் பள்ளியே நல்லது என்பது எங்கள் கருத்து. தெருவில் விளையாடி ஆறு மாதத்தில் பேசிவிடுகிறார்கள், பிறகு வீட்டுக்கே மொழிபெயர்ப்பாளர் அவர்கள்தான். தொடக்கப் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் கிடைப்பது, இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டுக்குப் பெரிய பாரத்தை இறக்கும். ஆறு வயதுக்குக் கீழே அங்கன்வாடி. உள்ளூர் ரேஷன் அட்டை இல்லை என்று திருப்பி அனுப்பினால் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

கர்ப்பிணிப் பெண்ணுக்கு முதலில் என்ன செய்ய வேண்டும்?

கிராம அல்லது நகர்ப்புறச் செவிலியரிடம் பதிவுசெய்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றுக்கு அந்த எண் கேட்பார்கள். ஏழாம் மாதம் ஊருக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பதாக இருந்தாலும் பதிவு செய்துவிடுங்கள், பயணத்திட்டம் மாறுவது சகஜம். பிக்மியில் தாய், தந்தை பெயரை ஆதாரில் உள்ளபடி எழுதச் செய்யுங்கள். செவிலியர் காதில் விழுந்தபடி எழுதினால் அதே பிழை குழந்தையின் சான்றிலும் ஏறும். பிறப்பைப் பிறந்த இடத்தில்தான் பதிய முடியும், 21 நாளுக்குள் இலவசம். பெயர் வைக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள், பெயரை 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

உடம்பு சரியில்லை என்றால் எங்கே போவது?

மாதச் சம்பளம் ரூ.21,000 வரை இருந்து, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனி 3.25 சதவீதம் போடும். பிடிப்பது சம்பளச் சீட்டில் தெரிகிறதா என்று பாருங்கள். எண் கொடுக்காமல் பணம் மட்டும் பிடிப்பது நடக்கும் தவறு. ஊரில் இருக்கும் மனைவி, பிள்ளைகளையும் அந்த ஊர் மருந்தகத்தோடு சேர்த்துப் பதியலாம். இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை. சொந்த மாநிலத்து ஆயுஷ்மான் அட்டை (அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை) இருந்தால், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இங்கேயும் செல்லும்.

சம்பளம் தரவில்லை. கையில் எந்தக் காகிதமும் இல்லை. என்ன செய்வது?

காகிதம் இன்றிலிருந்து உண்டாக்க வேண்டும். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று, தினமும் ஒரு வரி, எந்த மொழியிலும்: “12-ஆம் தேதி, காலை 8 முதல் இரவு 8, மூன்றாவது மாடிக் கம்பி, செலவுக்கு மேஸ்திரி கொடுத்தது 300.” அதோடு வேலையிடத்தின் பெயர்ப்பலகை தெரிய ஒரு படம், கூட வேலை செய்பவர்களோடு ஒரு படம், மேஸ்திரியின் வாட்ஸப் குரல் பதிவுகள், கணக்கில் வந்த தொகைகள். இவை போதும். நாள் தவறாமல் எழுதிய நோட்டுக்கு அதிகாரி முன் மதிப்பு உண்டு. ஒரே நாளில் உட்கார்ந்து மூன்று மாதத்தை எழுதினால் மையின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

புகாரைத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். புகாரில் கான்ட்ராக்டர் பெயரோடு நிற்காமல் வேலை யாருக்காக நடந்ததோ அந்த முதன்மை முதலாளியையும் கட்டாயம் சேருங்கள். கான்ட்ராக்டர் தராவிட்டால் சம்பளம் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. மேஸ்திரி ஓடிவிட்டான் என்று கைவிடப்படும் வழக்குகள் இந்த ஒரு பெயரை எழுதாததால் கைவிடப்படுகின்றன. ஐந்து பேர் சேர்ந்து கொடுத்தால் வலு அதிகம். தொழிலாளி ஊருக்குத் திரும்பும் முன் அதிகாரப் பத்திரம் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டால் இங்கிருந்து தொடர்ந்து நடத்தலாம். இலவச வழக்கறிஞருக்கு 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் தர வேண்டும்.

முன்பணம் வாங்கிவிட்டார், வெளியே விட மாட்டேன் என்கிறார்கள். இது கொத்தடிமையா?

முன்பணத்தைக் காட்டி வெளியே போகவோ வேறு வேலைக்கு மாறவோ தடுத்தாலும், குறைந்தபட்சக் கூலி தராமல் வேலை வாங்கினாலும் 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பொருந்தும். சங்கிலி போட்டிருக்க வேண்டியதில்லை. மையம் தானாகப் போய் மீட்கக் கூடாது, அது ஆபத்து. ஆள் எண்ணிக்கை, இடம், குழந்தைகள் உண்டா என்ற விவரத்தோடு சார் ஆட்சியர் அல்லது கோட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள். விடுவித்ததும் விடுதலைச் சான்று வாங்காமல் ரயில் ஏறக் கூடாது. அந்தச் சான்று இல்லாவிட்டால் மறுவாழ்வுத் தொகையும் இல்லை, பழைய கடன் ரத்தானதற்கு ஆதாரமும் இல்லை.

இ-ஷ்ரம், நலவாரியம் இரண்டும் ஒன்றா?

இல்லை. இ-ஷ்ரம் 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய பதிவேடு. 16 முதல் 59 வயது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் தமிழ்நாட்டில் 1994 முதல் இருக்கிறது, 18 முதல் 60 வயது வரை. பிள்ளைகளின் படிப்பு, பிரசவம், விபத்து, ஓய்வூதியம் என்று உதவித்தொகை தருவது இதுதான். வெளிமாநிலத்தவரும் பதியலாம். இ-ஷ்ரம் அட்டை வந்ததும் வேலை முடிந்தது என்று போய்விடுபவர்கள் அதிகம், அவர்களை நிறுத்தி வாரியத்தில் பதியச் செய்யுங்கள்.

வேலையிடத்தில் ஒருவர் இறந்துவிட்டால்?

ஊருக்கு உடலை அனுப்பும் அவசரத்தில் காகிதங்கள் விட்டுப்போகும். எவ்வளவு துயரத்திலும் ஒருவர் இதற்கென்றே நிற்க வேண்டும். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையில் ‘வேலை நேரத்தில், வேலையிடத்தில்’ என்பதும் முதலாளியின் பெயரும் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும். எம்பாமிங் (உடலைப் பதப்படுத்தியதற்கான) சான்று, காவல்துறைத் தடையின்மைச் சான்று இல்லாமல் விமானத்தில் உடலை ஏற்ற மாட்டார்கள். இறப்பைப் பதிவது இறந்த இடத்தில்தான். ஊருக்குப் போய்ச் சான்று கேட்டால் கிடைக்காது, குடும்பம் மறுபடி இரண்டாயிரம் கிலோமீட்டர் வர வேண்டியிருக்கும்.

இ.எஸ்.ஐ. இருந்தால் மனைவி, பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகை. இல்லையென்றால் முதலாளி இழப்பீடு தர வேண்டும்: மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 25 வயதுக்குக் காரணி 216.91. கணக்குக்கு எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு ரூ.15,000 என்பதால், பாதி 7,500-ஐப் பெருக்கினால் ரூ.16,26,825 வருகிறது. ஒரு லட்சத்தைக் கையில் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்க யாராவது வந்தால் குடும்பத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

வதந்தி பரவினால் என்ன செய்வது?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. ஹோலிக்கு ஊர் போனவர்களின் கூட்டத்தைப் பயந்து ஓடும் கூட்டமாகக் காட்டினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துச் சென்றது. அப்படி ஒரு நாளில் மறுப்பறிக்கை தமிழில் மட்டும் இருந்தால் பயனில்லை. அவர்கள் மொழியில், அவர்களுக்குத் தெரிந்த ஆளின் குரலில், ஒரு நிமிடப் பதிவாக அனுப்புங்கள்: எந்தத் தெருவில் நிற்கிறோம், இன்று வேலை நடந்ததா, கடை திறந்ததா. ஊரில் இருக்கும் தாய்க்கு வேண்டியது அதுதான்.

தருமபுரியிலிருந்து பெங்களூருக்குப் போகும் நம்மவர்களுக்கு?

பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு மேலே சொன்ன எல்லாமே அப்படியே பொருந்தும், மாநிலம் மட்டும் மாறும். ரேஷனில் ஒரு வேறுபாடு: ஸ்மார்ட் அட்டையில் பி.எச்.எச். அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்று அச்சிட்டிருந்தால்தான் கர்நாடகக் கடையில் கிடைக்கும். என்.பி.எச்.எச். என்றிருந்தால் தமிழ்நாட்டுக்குள் மட்டுமே. போவதற்கு முன் அட்டையை எடுத்து இந்த எழுத்துகளைப் பாருங்கள்.

நிரந்தரமாக ஊர் திரும்புபவர் என்னென்ன முடித்துக்கொண்டு போக வேண்டும்?

வேலையை விட்டதும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துச் சம்பளம் தர வேண்டும், அதை வாங்கிய பிறகே டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். பி.எஃப்.-இல் வேலையை விட்ட தேதியைக் கம்பெனி ஏற்றியிருக்கிறதா என்று கைபேசியிலேயே பாருங்கள். அது ஏறாவிட்டால் பணம் எடுக்க முடியாது. பிள்ளைக்கு டி.சி., இங்கே பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை. வீட்டு உரிமையாளரிடம் அட்வான்ஸ். கடைசியாக, ஓசூரில் வாங்கிய சிம்மை ஊருக்குப் போனதும் தூக்கிப் போட்டுவிடாமல், பி.எஃப். பணம் கணக்கில் விழும்வரை ரீசார்ஜ் செய்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.